இயற்கைக் குழுவின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் மும்பைத் தமிழ்ச் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மரம் நடுதல், பறவை நோக்கல், சிறுவர் விநாடி வினா ஆகியவை வழக்கம்போல் நடந்தேறின. இந்த ஆண்டு குழுவின் கவனத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது கிரெம்னோகாங்கஸ் என்னும் நன்னீர் நத்தை. அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

பாந்த்ராவில் அலையடிக்கும் பாறைகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு நத்தைகளைப் பார்த்திருப்பீர்கள். லிட்டோரினிடே என்னும் அந்தக் குடும்பம் ஏறக்குறைய முழுவதும் கடலோரத்தில் வாழ்வது. அதில் நன்னீருக்குக் குடியேறியது கிரெம்னோகாங்கஸ் பேரினம் மட்டும்தான். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் அது கிடையாது. 1860களில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய வில்லியம் பிளான்ஃபோர்டு அதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். 2013இல் வெளியான ஆய்வு, மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் வாழும் ஒன்பது இனங்களை விவரித்தது. அவற்றுள் சயாத்ரென்சிஸ் அருகிவரும் இனமாகச் சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது.

ஆவணி மாதப் பயணத்தில் சாரல் தெறிக்கும் ஒரு செங்குத்துப் பாறையில் இந்த நத்தைகளை அருகிலிருந்து பார்த்தோம். கொண்டைக்கடலை அளவுதான் இருக்கும். பழுப்பு நிற ஓடு ஈரத்தில் பாறையோடு பாறையாகக் கலந்துவிடுவதால், ஒன்றைக் கண்டபிறகே பக்கத்தில் இருப்பவை கண்ணுக்குப் புலப்பட்டன. தசைப்பற்றுள்ள பாதத்தால் பாறையைப் பற்றிக்கொண்டு, நுண்பற்கள் வரிசையாக அமைந்த நாக்கினால் பாசியைச் சுரண்டித் தின்கின்றன. மழைக்காலத்தில் நம் குடியிருப்புச் சுவர்களில் ஏறும் ஆப்பிரிக்கப் பெருநத்தையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வெளியிலிருந்து வந்து பரவிய உயிர். அதன் ஓட்டுக்கு மூடி இல்லை. இதற்கோ பாதத்தின் பின்புறம் கொம்புப் பொருளாலான மூடி உண்டு. "வெயில் காலத்தில் இது எங்கே போகும், மாமா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். பாறை இடுக்கில் ஒதுங்கி, அந்த மூடியால் ஓட்டின் வாயை அடைத்துக்கொண்டு அடுத்த மழைவரை காத்திருக்கும் என்று விளக்கினோம்.

பார்த்த இடத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. கூட்டம் சேர்ந்தால் அந்தப் பாறை தாங்காது என்பது என் உறுதியான எண்ணம். ஓர் அருவியோரத்து ஈரப்பாறையே இந்த நத்தைக்கு முழு உலகம். பாறையை வெட்டினாலோ நீரைத் திருப்பினாலோ அது இடம்பெயர்ந்து வேறு அருவியைத் தேடிப்போக வழியில்லை. நாம் விடுமுறைக்குப் போகும் அருவிகளில் சோப்புப் போட்டுக் குளிப்பதும், சிப்ஸ் பொட்டலங்களை எறிவதும் கண்கூடாக நடக்கின்றன. நம்மவர்களும் செய்கிறார்கள் என்பதை வருத்தத்துடன் பதிவுசெய்கிறேன்.

எனவே, சங்கப் பயணங்களில் அருவி நீரில் சோப்பு, ஷாம்பு கூடாது, எந்த உயிரையும் ஓட்டையும் எடுத்துவரக் கூடாது என்ற தீர்மானத்தைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன். அடுத்த மழைக்காலப் பயணத்துக்குப் பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பதிவுசெய்துகொள்ளலாம்.

செயலாளர், இயற்கைக் குழு