பெட்டியைக் கழற்றாதே, பொறு

அன்புள்ள கோபால்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கண்புரை ஆபரேஷன் முடிந்து, குனியாதே, கனம் தூக்காதே, படிக்காதே என்று வீட்டில் காவல் போட்டிருந்தார்கள். நேற்றுதான் காவல் தளர்ந்தது. பேத்தி படித்துக் காட்டிய உன் கடிதத்தை இன்று நானே ஒருமுறை படித்தேன். மூட்டுவலிக்கும் மருமகன் வேலை மாறியதற்கும் சேர்த்து அரைப் பக்கம். புதிதாக வாங்கிய பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு நாலு பக்கம். நீ மாறவே இல்லையடா.

ஸ்டீயரிங்கை நாலு விரல்கடை திருப்பினாலும் வண்டி தன்பாட்டுக்குப் போகிறது, மெக்கானிக் ஸ்டீயரிங் பாக்ஸையே (கை திருப்புவதைச் சக்கரத்துக்கு அனுப்பும் அந்தப் பெட்டியையே) மாற்றச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறாய். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாரா, ஸ்டீயரிங்கை ஆட்டிப் பார்த்த கையோடு சொன்னாரா? உன் கடிதத்தில் அது இல்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

நான் பட்டதைச் சொல்கிறேன். என் வண்டியிலும் இதே கூத்து. முதலில் வீல் அலைன்மென்ட் செய்தேன், ஆட்டம் போகவில்லை. பிறகு ஸ்டீயரிங் உதறலை அடக்கும் டேம்பரைப் புதிதாக மாட்டினேன். இரண்டு வாரம் நன்றாக இருந்த மாதிரி இருந்தது, காசு செலவழித்த கண்ணுக்கு எல்லாம் அப்படித்தான் தெரியும். மூன்றாவதாக, பாக்ஸின் தலையில் லாக் நட்டோடு ஒரு ஸ்குரூ இருக்கிறதே, அதில் கை வைத்தேன். கொஞ்சம் முறுக்கினேன், ஆட்டம் குறைந்தது. இன்னும் கொஞ்சம் முறுக்கினேன், இன்னும் குறைந்தது. அந்தச் சந்தோஷத்தோடு வண்டியை எடுத்தால், முதல் வளைவிலேயே ஸ்டீயரிங் திரும்பி வரவில்லை! வளைத்தது வளைத்தபடி நின்றது. சுளுக்குப் பிடித்த கழுத்தைத் திருப்புவது போல, ஒவ்வொரு வளைவிலும் கையால் இழுத்து நேராக்கிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

ஏன் அப்படி ஆயிற்று என்பது பிறகுதான் புரிந்தது. அந்தப் பாக்ஸுக்குள் திருகு மாதிரி ஒரு தண்டு, அதன்மேல் குண்டுகள் உருள ஏறி இறங்கும் ஒரு நட், அந்த நட்டின் பல்லோடு கடிக்கிற செக்டர் தண்டு. சக்கரம் நேராக நிற்கும் இடத்தில் கடி இறுக்கமாகவும், இரண்டு பக்கமும் போகப் போகச் சற்றுத் தளர்வாகவும் இருக்கும்படிதான் அதைச் செய்கிறார்கள். நாம் ஓட்டுவதும் பெரும்பாலும் நேராகத்தானே? அதனால் நடுப்பகுதிதான் முதலில் தேயும். தேய்ந்த நடுவுக்காக ஸ்குரூவை முறுக்கினால், தேயாத ஓரங்கள் பிடித்துக்கொள்ளும். அந்த ஸ்குரூவைத் தொடவே கூடாது என்றில்லை. சக்கரத்தை நேராக வைத்து, பாக்ஸின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற டிராக் லிங்க் கம்பியைக் கழற்றிவிட்டு, கைக்குப் பாக்ஸின் இறுக்கம் மட்டும் தெரிகிற நிலையில், அரைக்கால் சுற்று, அரைக்கால் சுற்றாகத் திருப்பி, ஓரத்திலிருந்து ஓரம்வரை ஸ்டீயரிங்கைச் சுழற்றிப் பார்க்க வேண்டும். எங்கேயாவது பிடித்தால் பின்வாங்க வேண்டும். ஆனால் அது கடைசி வேலை. நான் அதைக் கோளாறைத் தேடும் முன்பே செய்துவிட்டு முழித்தேன்.

உண்மையான கோளாறு கிடைத்த நாளைச் சொல்கிறேன். பேத்தியை ஸ்டீயரிங்கில் உட்கார வைத்து, நான் அடியில் படுத்தேன். வண்டியை ஜாக்கியில் ஏற்றவில்லை. நாலு டயரும் தரையில், ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தாயிற்று. டயர் தரையைப் பிடித்துக்கொண்டிருந்தால்தான் மூட்டுக்கு மூட்டு இருக்கிற தளர்ச்சி வெளியே வரும். பவர் ஸ்டீயரிங் என்றால் எஞ்சினையும் ஓடவிட வேண்டும். அப்போது ஃபேன், பெல்ட் பக்கம் கையோ துணியோ போகாமல் பார்த்துக்கொள். பேத்தியிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "டயர் திரும்பக் கூடாது. டயர் முரண்டு பிடிக்கிற இடம் வரைக்கும் மட்டும் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் ஆட்டு."

ஸ்டீயரிங் தண்டிலிருந்து தொடங்கி ஒவ்வொரு மூட்டாக விரலை வைத்துக்கொண்டே வந்தேன். விரலின் பாதி ஒரு துண்டின்மேல், மீதி அடுத்த துண்டின்மேல். இரண்டும் சேர்ந்து நகர்ந்தால் விரலுக்கு ஒன்றும் தெரியாது. இடையில் தளர்ச்சி இருந்தால், கண்ணுக்குத் தெரியாத அளவாக இருந்தாலும் விரல் காட்டிக்கொடுத்துவிடும். (நசுங்கக்கூடிய சந்துக்குள் மட்டும் விரலை விடாதே.) ரப்பர் கப்ளிங் சரி. யுனிவர்சல் ஜாயின்ட் சரி. பாக்ஸுக்குள் போகிற தண்டு திரும்புகிறது, வெளியே வந்து லிங்க்கைத் தள்ளுகிற டிராப் ஆர்ம் அசையக் காணோம். ஆக, பாக்ஸ்தான் என்று முடிவு கட்டப் போனேன். தண்டு திரும்பி ஆர்ம் அசையாவிட்டால் பாக்ஸில் கோளாறு, ஆர்ம் அசைந்து சக்கரம் அசையாவிட்டால் லிங்க்கில் கோளாறு என்பதுதானே பாடம்.

ஏதோ தோன்றி, உள்ளங்கையைப் பாக்ஸின் உடம்பின்மேல் வைத்தேன். அதுவே அசைந்தது. பேத்தி இடது பக்கம் ஆட்டினால் பாக்ஸ் ஒரு நகத்தின் கனத்துக்கு மேலே எழுந்தது, வலது பக்கம் ஆட்டினால் தணிந்தது. மண்ணும் எண்ணெய்ப் பிசுக்கும் காய்ந்து ஒட்டியிருந்ததைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தபோது, பாக்ஸைச் சேஸிஸோடு (வண்டியின் இரும்புச் சட்டத்தோடு) பிணைக்கும் போல்ட் துளையிலிருந்து சேஸிஸின் ஓரத்தை நோக்கித் தலைமுடி மாதிரி ஒரு விரிசல். அதன் நெடுகிலும் செந்துருப்பொடி கசிந்திருந்தது. இரும்பு இரும்போடு உரசிக்கொண்டே இருந்தால் அப்படிப் பொடி வரும். அதற்குப் பிறகு எங்கே செந்துருக் கோடு கண்டாலும் எனக்குக் கை நின்றுவிடும்.

வெல்டிங் செய்தவர் நல்ல கைக்காரர். விரிசலின் முனையில் சின்ன ஓட்டை போட்டார், விரிசல் மேலே ஓடாமல் நிற்க. பிறகு விரிசலைத் தோண்டி நிரப்பி, மேலே பட்டையும் வைத்தார். போல்ட் போகும் இடத்தில் சேஸிஸுக்குள் ஸ்லீவ் (குழாய்த் துண்டு) வைத்ததுதான் பெரிய காரியம். அது இல்லாமல் இறுக்கினால் சேஸிஸின் சுவர் உள்வாங்கும், போல்ட் மறுபடி தளரும். பெரிய டயரைப் போட்டுப் பாறைக்கு நடுவே திருப்பினால் அந்த முரட்டுப் பலமெல்லாம் வந்து விழுவது இந்த இடத்தில்தான். உன் வண்டியிலும் முன்பு வைத்திருந்தவர் பெரிய டயர் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறாய், அதனால் இங்கே கட்டாயம் பார்.

அதன்பிறகு ஜாக்கி. சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுக்காமல் உள்ளே போகாதே, உன் அவசரம் எனக்குத் தெரியும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டு. ஆட்டம் இருந்தால் வீல் பேரிங்கா, சக்கரம் இடமும் வலமும் திரும்ப அச்சாக நிற்கிற கிங் பின்னா என்று குழப்பம் வரும். ஒருவரைப் பிரேக்கை அழுத்தச் சொல். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின் அல்லது அதன் இடத்தில் இருக்கும் பால் ஜாயின்ட். பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் டை ராட் எண்டை, அதாவது இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கும் கம்பியின் முனை மூட்டைப் பார். எண்டை மாற்றுவதாக இருந்தால் கழற்றுவதற்கு முன் நீளத்தை அளந்து குறித்துக்கொள். போடும்போது நட்டின் வெட்டு, அதைப் பூட்டுகிற ஸ்பிளிட் பின்னின் துளைக்கு நேராக வரவில்லை என்றால் இன்னும் இறுக்கித்தான் நேராக்க வேண்டும், தளர்த்தி அல்ல. பழைய ஸ்பிளிட் பின்னைத் தட்டி நிமிர்த்தித் திரும்பப் போடுகிற கஞ்சத்தனம் வேண்டாம். டை ராட் வளைந்திருக்கிறதா என்று ஓரக்கண்ணால் நீளவாட்டில் பார்ப்பதையும் மறக்காதே. கல்லில் இடித்தால் முதலில் வளைவது அதுதான்.

இன்னொன்று. ஸ்டீயரிங் தளர்வு என்று நாம் சொல்வதில் பாதி தளர்வே கிடையாது. எல்லா மூட்டும் இறுகியிருந்தும் வண்டி நேர்ரோட்டில் அலைபாயும். உன் வண்டியை உயர்த்தியிருக்கிறார்கள் அல்லவா, அதில் பெரும்பாலும் காஸ்டர் கோணம் (முன்சக்கரம் திரும்புகிற அச்சின் பின்சாய்வு) குறைந்துவிடும். தள்ளுவண்டியின் சுழல் சக்கரம் அச்சுக்குப் பின்தங்கி வருவதால் தானே நேராகிக்கொள்கிறது பார், அந்தக் குணம் முன்சக்கரத்துக்கு வருவது காஸ்டரால். அது குறைந்தால் ஸ்டீயரிங் லேசாக, உயிரில்லாமல் இருக்கும். கையும் தளர்வு என்றே நினைத்துக்கொள்ளும். ஸ்பிரிங் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஆப்பு வைத்துச் சரிசெய்யலாம், ஆனால் ஆக்சிலைச் சுழற்றினால் முன் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற புரொப்பெல்லர் தண்டின் கோணமும் மாறும். ஒன்றைத் திருத்தப் போய் இன்னொன்று சத்தம் போடும். ஸ்பிரிங் பட்டையின் முனையிலும் அதைத் தாங்கும் ஷாக்கிளிலும் இருக்கிற புஷ் உறைகள் தேய்ந்திருந்தாலும், பட்டையை ஆக்சிலோடு கட்டுகிற யு-போல்ட் தளர்ந்திருந்தாலும் ஆக்சிலே பக்கவாட்டில் நகரும். டயர் காற்றைச் சொல்ல வேண்டியதில்லை. மணலுக்காக இறக்கிய காற்றை ஏற்ற மறந்து ரோட்டில் ஓட்டிவிட்டு, பாக்ஸைத் திட்டியவன் நான்.

வேகத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்ததும் முன்பக்கம் முழுதும் வெறிபிடித்து உதறுகிறதா? அதை நீ எழுதவில்லை. அப்படி வந்தால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதே, ஆக்சிலரேட்டரை விட்டு, ஸ்டீயரிங்கை உறுதியாகப் பிடித்தபடி வேகத்தைத் தானாக இறங்க விடு. பிறகு டேம்பரை மாற்றி அதை மூடி மறைக்காதே. டேம்பர் நோயைத் தீர்ப்பதில்லை, இருமலை அடக்கும், அவ்வளவுதான்.

என் வண்டியில் இன்னும் ஒரு விரல்கடை ஆட்டம் இருக்கிறது. பேத்தி கேட்டாள், அதையும் எடுத்துவிடலாமே தாத்தா என்று. பாக்ஸ் வைத்த வண்டிக்கு அந்த அளவு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஸ்குரூவின் தலையில் சிவப்புப் பெயின்ட் ஒரு கோடு இழுத்து வைத்திருக்கிறேன், யார் தொட்டாலும் தெரிந்துவிடும். யார் என்றால், நான்தான்.

உன்னால் குனிந்து படுக்க முடியாது என்று சொல்லாதே. நீ ஸ்டீயரிங்கில் உட்கார், பேரனை அடியில் அனுப்பு. அவன் விரல் உன் விரலைவிடக் கூர்மை. எந்த மூட்டில் என்ன கிடைத்தது என்று அவன் கையாலேயே படம் போட்டு அனுப்பச் சொல். மருமகனின் புது வேலை பற்றியும் இந்தத் தடவையாவது ஒரு முழுப் பக்கம் எழுது.

அன்புடன்,
சுந்தரம்