செயலாளர் ஆண்டறிக்கை

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம்.

பொங்கல் கோலப்போட்டி, சுதந்திர தினக் கொடியேற்றம், கொசு மருந்து அடித்தது எல்லாம் வழக்கம்போல் நடந்தன. செயற்குழு 6 முறை கூடியது. அதில் 2 முறை போதிய உறுப்பினர்கள் வராததால் காபி குடித்துவிட்டுக் கலைந்தோம்.

கிணற்றுக் கணக்கைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2019 ஜூனில் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு, நாம் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது எல்லா வீட்டிலும் மாடி மழைநீரை நிலத்துக்குள் இறக்கத் தொட்டி கட்டினோம். எது வேலை செய்கிறது, எது மண் மூடிக் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் பக்கத்துத் தெரு சங்கத்தாரையும் சேர்த்துக்கொண்டு, ஞாயிறுதோறும் கிணற்று நீர்மட்டத்தை அளந்து ஒரே நோட்டில் எழுத ஆரம்பித்தேன். வேலையற்ற வேலை என்று சிலர் பேசியது என் காதிலும் விழுந்தது.

முதல் மூன்று மாதம் சண்டைதான். அவர்கள் தெருவில் நம்மைவிட மூன்றடி கீழே தண்ணீர். நம் பக்கத்து அபார்ட்மெண்ட் போர்வெல் உறிஞ்சுகிறது என்றார்கள். கடைசியில் பார்த்தால், நாம் தரைமட்டத்திலிருந்து அளந்திருக்கிறோம், அவர்கள் கைப்பிடிச் சுவரின் மேலிருந்து கயிறு விட்டிருக்கிறார்கள். சுவர் சரியாக மூன்றடி! அப்புறம் எல்லோரும் தரையிலிருந்து, மோட்டார் போடுமுன், காலை 6 மணிக்கு என்று முடிவாயிற்று. அதற்குப் பிறகுதான் நோட்டு பேசியது. நல்ல மழைக்குப் பின்னும் மட்டம் ஏறாத கிணறுகளைப் போய்ப் பார்த்தால், பெரும்பாலும் மாடியிலிருந்து தொட்டிக்கு வரும் குழாய் அடைத்த வீடுகள். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழைக்கு 900 லிட்டருக்கு மேல் விழும். அத்தனையும் சாக்கடைக்குப் போயிருக்கிறது. இரண்டு தெருவும் சேர்ந்து ஆள் வைத்துச் சுத்தம் செய்தோம்.

ஒரு வீட்டுக் கணக்கில் மட்டும் ஏழு வாரமும் 18 அடி, அடைமழை பெய்த வாரம் உட்பட. சோபாவில் உட்கார்ந்தே அளந்திருக்கிறார். பெயர் வேண்டாம், அவருக்கே தெரியும்.

வரவு செலவு பொருளாளரிடம் உள்ளது. கையிருப்பு சொல்லிக்கொள்ளும்படி இல்லை. சந்தா பாக்கி வைத்தவர்கள்தான் தங்கள் தொட்டியை முதலில் சுத்தம் செய்யச் சொன்னார்கள் என்பதையும் பதிவு செய்கிறேன். தலைவருக்கும் துணைத்தலைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பில் தொடர முழங்கால் இடம் தராது. கயிறும் நோட்டும் என் வீட்டுத் திண்ணையில்தான் இருக்கின்றன. ஞாயிறு காலை 6 மணிக்கு முன் யார் வந்தாலும் எடுத்துக்கொள்ளலாம், காபி உண்டு.