180 நொடி எங்கே போகிறது?

அன்பு மகளுக்கு,

பிளிட்ஸில் (சில நிமிட வேகச் செஸ்ஸில்) 2200 ரேட்டிங்கிலேயே நிற்கிறேன், இன்னும் ஓப்பனிங் (தொடக்க மூவ்கள்) படிக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். வேண்டாம் கண்ணம்மா. உன் ஓப்பனிங் போதும். ஓட்டை கடிகாரத்தில் இருக்கிறது.

3+0 ஆட்டத்தில், அதாவது மூன்று நிமிடம், மூவுக்குக் கூடுதல் நொடி எதுவும் இல்லை, உனக்குக் கிடைப்பது 180 நொடி. ஆட்டம் 45 மூவ் போனால் ஒரு மூவுக்கு நாலே நொடி. பன்னிரண்டாவது மூவில் 24 நொடி உட்கார்ந்துவிட்டால் ஆறு மூவின் பங்கை அங்கேயே தின்றுவிட்டாய். அந்தக் கடன் நாற்பதாவது மூவில், ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்துக்கொண்டு ஜெயிக்க வேண்டிய யானை எண்ட்கேமில் (காய்கள் குறைந்த கடைசிக் கட்டத்தில்) வந்து கழுத்தைப் பிடிக்கும். நீ அதை எண்ட்கேம் தவறு என்று குறித்துக்கொள்வாய். தவறு நடந்தது பன்னிரண்டில்.

லிசெஸ் இணையதளத்தில் ஆட்டத்தைத் திறந்து அனாலிசிஸ் பக்கத்துக்குப் போனால் எந்த மூவுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று வரைபடமாகவே தெரியும். கடைசியாகத் தோற்ற 30 ஆட்டங்களை எடு. ஒவ்வொன்றிலும் மிக உயரமான கோடு எந்த மூவில் நிற்கிறது, அங்கே என்ன யோசித்தாய் என்று ஒரு வரி நோட்டில் எழுது. பழக்கமில்லாத பொசிஷனில் நேரம் போயிருந்தால் அந்த லைனை மட்டும் பார்த்தால் தீர்ந்தது. ஆனால் உன் அளவுக்கு ஆடுகிறவர்களிடம் பெரும்பாலும் வேறொன்றுதான் நடக்கும்: இரண்டு நல்ல மூவ் கண்ணில் படும், எது சற்று மேல் என்று மனசு தராசு பிடிக்கும். எட்டு நொடியில் முடிவாகவில்லையா, ராஜாவுக்கு ஆபத்தில்லாததைப் போட்டுவிட்டு நகரு. கால் சிப்பாய் மதிப்பு வித்தியாசத்துக்கு 20 நொடி கொடுக்காதே. ராணியை மாற்றிக்கொள்வது, காயைப் பலி கொடுப்பது, ராஜா முன்னால் நிற்கும் சிப்பாயைத் தள்ளுவது போல, பிறகு திருப்ப முடியாத மூவ்களுக்கே அந்த நேரத்தைச் சேர்த்து வை.

இனி ப்ரீமூவ், அதாவது எதிராளி ஆடும் முன்பே உன் அடுத்த மூவை வைத்துவிடுவது. லிசெஸில் ஒரே ஒரு ப்ரீமூவ்தான் வைக்கலாம், நேரம் பிடிக்காது. செஸ்.காமில் வரிசையாக வைக்கலாம், ஒவ்வொன்றுக்கும் 0.1 நொடி போகும். எதிராளி அடிக்கப்போகும் உன் காய் நிற்கிற கட்டத்துக்கே ப்ரீமூவ் வைத்தால் பெரும்பாலும் பயமில்லை. அவர் அடித்தால் நீ திருப்பி அடிப்பாய். அடிக்காவிட்டால் அங்கே உன் காயே நிற்பதால் அந்த மூவ் செல்லாது, தானே ரத்தாகும். காலிக் கட்டத்துக்கு வைப்பதுதான் ஆபத்து. வெள்ளை பி3 ஆடுகிறார், நீ ஜி6 ஆடிவிட்டு பிஷப்பை ஜி7-க்கு ப்ரீமூவ் வைக்கிறாய். வெள்ளையின் பிஷப் பி2-க்கு வருகிறது, உன் பிஷப் தானாக ஜி7-க்குப் போய் உட்காருகிறது. அதற்குக் காவல் யாருமில்லை. அவர் அதை வெட்டுவார், எச்8 யானையும் கூடவே மாட்டும். மூன்றே மூவில் ஆட்டம் போச்சு.

பயிற்சிக்கு 3+0-வைக் குறைத்து 3+2 ஆடு, அதில் ஒவ்வொரு மூவுக்கும் இரண்டு நொடி கூடும். அதே 45 மூவுக்கு 270 நொடி கிடைக்கும், கடைசிவரை செஸ் ஆடலாம். 2024-இல் நியூயார்க்கில் நம் வைஷாலி வெண்கலம் வாங்கிய உலக பெண்கள் பிளிட்ஸும் 3+2 தான். புல்லட் (ஒரு நிமிட ஆட்டம்) நாளைக்கு அரை மணிக்கு மேல் வேண்டாம். ‘அவர் இப்போது என்ன செய்யப் பார்க்கிறார்?’ என்று கேட்டுப் பார்க்கும் பழக்கத்தை அது அரித்துவிடும்.

எண்ட்கேம் தெரிந்திருந்தால் மட்டும் போதாது, கை தானாக ஆட வேண்டும். பிலிடோர் டிராவை எடுத்துக்கொள். வெள்ளைக்கு யானையும் சிப்பாயும், உனக்கு வெறும் யானை. உன் ராஜா சிப்பாயின் வழியை மறித்து நிற்கிறது. உன் யானையை (வெள்ளைப் பக்கமிருந்து எண்ணி) ஆறாவது வரிசையில் வைத்தால் வெள்ளை ராஜா முன்னேற முடியாது. சிப்பாய் ஆறாவது வரிசையில் கால் வைத்த உடனே யானையை முதல் வரிசைக்கு இறக்கி, பின்னாலிருந்து செக் கொடு. சிப்பாய் முன்னே போய்விட்டதால் வெள்ளை ராஜாவுக்கு ஒளிய இடமில்லை. இதையும் லுசேனாவையும் (ஒரு சிப்பாய் கூடுதலாக உள்ள யானை எண்ட்கேமை ஜெயிக்கும் முறை) கம்ப்யூட்டருடன் ஒரு நிமிடக் கடிகாரம் வைத்து தினமும் ஐந்து முறை ஆடு, இரண்டு வாரம். ஒரே முறையில் 10 நொடிக்குள் முடிக்க வந்துவிட்டால் அடுத்ததற்குப் போ.

விதி ஒன்றையும் கவனி. எதிராளிக்கு ஒரு குதிரை, உனக்கு ஒரு சிப்பாய், உன் நேரம் தீர்கிறது. செஸ்.காமில் அது டிரா. லிசெஸில் தோல்வி, ஏனென்றால் உன் சிப்பாயே உன் ராஜாவின் வழியை அடைத்து மேட் விழ வாய்ப்பிருக்கிறது. அங்கே ஆடும்போது அந்தச் சிப்பாயைக் கொடுத்துத் தொலைத்துவிடு.

அனிமேஷனை அணைத்து வை. பலகையைக் கொஞ்சம் சிறிதாக்கு, மவுஸ் போகும் தூரம் குறையும். விடுதி வைஃபையை நம்பாமல் கேபிள் போட்டுக்கொள். தொடர்ந்து இரண்டு தோற்றால் அன்றைக்கு மூடிவிடு, ராத்திரி பதினொன்றுக்கு மேல் ஆடாதே. கண் எரிகிறது என்று போன வாரமும் சொன்னாய்.

அந்த 30 ஆட்ட நோட்டைப் படம் எடுத்து ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு. அம்மா முறுக்கு சுட்டு பார்சல் போட்டிருக்கிறாள், புதன்கிழமை வந்து சேரும்.

அன்புடன்,
அப்பா