முன்க்கி சாப்பிட்ட, கேட்டு வாங்கின எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுட்டே வந்த லெட்டர் இது. போன வாரம் எங்க பில்டிங்ல தால்கோத், அதான் எல்லாரும் ஒண்ணா சேந்து முற்றத்தைச் சுத்தம் பண்ற நாள், முடிஞ்சதுலேருந்து ஆளாளுக்கு முன்க்கி ரெசிபி கேட்டு மெசேஜ், ஊர்ல சொந்தக்காரங்க வேற போட்டோவைப் பாத்துட்டு "ஏத்தா, அங்க போயி பலகாரக் கடை போட்டுட்டியா"ன்னு கேக்குறாங்க, அதான் ஒரேயடியா இங்கயே எழுதிடறேன். ரெசிபியும் இதுக்குள்ளயே இருக்கு. ஆனா நேரா அளவுக்கு ஓடாதீங்க, நன்றி சொல்ல வேண்டியவங்க நிறைய பேர் இருக்காங்க, அவங்களத் தாண்டித்தான் மாவுக்கு வரணும்.

தெரியாதவங்களுக்கு, நாங்க இருக்குறது பின்லாந்துல தாம்பரேங்கிற ஊரு. ரெண்டு பெரிய ஏரி, நடுவுல ஒரு ஆறு, பழைய மில்லுங்க. முன்க்கின்னா இந்த நாட்டு டோனட். பால், ஈஸ்ட் எல்லாம் போட்டுப் பெசஞ்ச மாவுல ஏலக்காயைத் தட்டிப் போட்டு, பொரிச்சு, சூடு ஆறுறதுக்குள்ள சீனில புரட்டி எடுப்பாங்க, அவ்வளவுதான், மேல கலர் கலரா எதையும் பூச மாட்டாங்க, பூசாததுதான் நல்லதும் கூட. மே 1 வாப்பு பண்டிகைக்கு ஊரே முன்க்கி தின்னும், கூட குடிக்க சிமான்னு ஒண்ணு, எலுமிச்சை, பழுப்பு சீனி, துளியூண்டு ஈஸ்ட் போட்டு வீட்லயே புளிக்க வைப்பாங்க, பாட்டில்ல போட்ட கிஸ்மிஸ் மேல மிதந்து வந்துட்டா குடிக்க ரெடின்னு அர்த்தம். அன்னிக்கு திப்பலெய்பான்னு இன்னொன்னும் உண்டு, இடியாப்பத்தை அப்படியே எண்ணெய்ல போட்டு எடுத்த மாதிரி இருக்கும், அது பக்கம் நான் இன்னும் போகல. எங்க ஊர்ல ப்யூனிக்கி காட்டுக்குள்ள 1929ல கட்டின ஒரு பார்வை கோபுரம் இருக்கு, கீழ இருக்குற காபிக் கடைல முன்க்கி வாங்க வருஷம் பூரா கியூ நிக்கும், மைனஸ்லயும் நிக்கும். ஏரியைப் பாக்கப் போறோம்னு சொல்லிட்டு எல்லாரும் போறது முன்க்கிக்குத்தான்.

சரி, நன்றி. மொதல்ல எங்க ஊர்லயே ஹெர்வந்தாங்கிற ஏரியால இருக்குற ஈரோட்டு அக்கா. வந்த புதுசுல குளிர் கோட்டுலேருந்து பஸ் கார்டு வரைக்கும் நீங்கதான். ஷூவுக்கு அடில மாட்டுற ஆணிப் பட்டை ஒண்ணு குடுத்தீங்களே, அது இல்லன்னா நான் இன்னிக்கு இடுப்பொடிஞ்சு கெடந்துருப்பேன். அந்த கனமான இரும்புச் சட்டியும் உங்களோடதுதான், திருப்பித் தரணும்னு தெரியும் அக்கா, வாப்பு முடியட்டும்னு சொன்னேன், இப்ப தால்கோத்தும் முடிஞ்சிருச்சு, இனி என்ன சாக்கு சொல்லலாம்னு யோசிச்சிட்டு இருக்கேன்.

ஆனா ஒரு விஷயம் வெளிப்படையா சொல்லிடறேன், யாரும் தப்பா எடுத்துக்காதீங்க. அந்த மொத குளிர்காலத்துல எல்லாரும் உதவிதான் செஞ்சீங்க, ஒருத்தர் கூட கொற வைக்கல, அதுவே எனக்கு ஒரு கட்டத்துல பாரமா இருந்துச்சு. ஊர்ல காலேஜ்ல கெமிஸ்ட்ரி எடுத்துட்டு இருந்தவ நான், பிள்ளைங்க லேப் ரெக்கார்டோட என் டேபிளைச் சுத்தி நிப்பாங்க, வீட்லயும் பேங்க் வேலை கேஸ் புக்கிங் எதுவா இருந்தாலும் என்கிட்டதான் வரும். இங்க வந்தா ஒரு லெட்டர் வந்தாக்கூட படிக்கத் தெரியாது, டிசம்பர்ல பகல்னு ஒண்ணு ஆறு மணி நேரம் கூட கிடையாது, அதுலயும் முக்காவாசி நாள் மேகம், வேலைக்கு விண்ணப்பம் போட்டா பதிலே வராது, வந்தாலும் "இந்தத் தடவை வேற ஒருத்தரைத் தேர்ந்தெடுத்துட்டோம்"னு ஒரே வரி. நாள் முழுக்க நான் பேசுறது கீட்டோஸ், கீட்டோஸ், கீட்டோஸ்தான், கடைல, பஸ்ல, பக்கத்து வீட்ல, எல்லார்கிட்டயும் நன்றி சொல்லிக்கிட்டே திரியிறேன், என்கிட்ட நன்றி சொல்றதுக்கு ஒருத்தருக்கும் ஒரு காரணமும் இல்ல. வாங்கிக்கிறது மட்டுமே வேலையாப் போச்சு. அது ஒரு மாதிரி ஆளைச் சுருக்கிடும், பட்டவங்களுக்குத் தெரியும்.

அதனாலதான் இந்த லெட்டர்ல பெரிய நன்றி எனக்கு உதவி செஞ்சவங்களுக்கு இல்ல, என்கிட்ட உதவி கேட்டவங்களுக்கு.

கீழ்வீட்டம்மா, உங்களுக்குத்தான். நீங்க தமிழ் படிக்க மாட்டீங்க, இவர் மொபைல்ல மொழிபெயர்த்துக் காட்டறேன்னு சொல்லிருக்காரு, அது என்னத்தைச் சொல்லுதோ தெரியாது. பிப்ரவரில ஒரு நாள் சாயங்காலம் பெல் அடிக்குது, இந்த ஊர்ல சொல்லாம கொள்ளாம யாரும் பெல் அடிக்க மாட்டாங்க, பயந்துட்டுத்தான் கதவத் தொறந்தேன். எழுபது தாண்டின அம்மா, கையெல்லாம் மாவு, ஏப்ரன், வெளிய ஒரே ஐஸ், இடுப்பு ஆபரேஷன் ஆனதால கடைக்கு நடக்க முடியாது, மாவு பாதி பெசஞ்சாச்சு. அவங்க கேட்டது, உங்க வீட்ல ஏலக்காய் இருக்குமா?

ஏலக்காய் இருக்குமான்னு யார்கிட்ட கேக்குறாங்க பாருங்க! நான் போடிநாயக்கனூர்க்காரி. எங்க ஊர்ல காய் ஏலம் நடக்குற அன்னிக்கு டீக்கடைல கூட வெல நிலவரம்தான் பேச்சு. எங்கப்பா ஒரு ஏலக்காய்க் கடைல தரம் பிரிக்கிற வேலை பாத்தவரு, பள்ளிக்கூடம் விட்டு அங்கதான் போவோம், பெரிய சல்லடைல காயைச் சலிச்சு எட்டு எம்எம் தனியா, ஏழு தனியா, வெடிச்சது தனியா குமிச்சு வச்சிருப்பாங்க, துணிக்கு ஏறின அந்த வாசம் துவைச்சாலும் போகாது. அம்மா கட்டிக் குடுத்த பொட்டலம் ப்ரீசர்ல அப்படியே கெடந்துச்சு, டீக்கு மட்டும் ரெண்டு ரெண்டா எடுத்துட்டு இருந்தேன். ஒரு கை அள்ளிக் குடுத்தேன். அவங்க ஒரு காயை நகத்தால கீறி மோந்து பாத்தாங்க, திரும்ப மோந்து பாத்தாங்க, அப்புறம் என் கையப் புடிச்சு கீழ கூட்டிட்டுப் போயிட்டாங்க. கடைல பொடி பண்ணி பாக்கெட்ல விக்கிறதைத்தான் அதுவரைக்கும் போட்டுட்டு இருந்திருக்காங்க. நான் தோலை உரிச்சு விதையை மட்டும் உரல்ல இடிச்சுக் குடுத்தேன், ரொம்ப நைசா வேணாம், கொஞ்சம் கொரகொரன்னு இருக்கட்டும்னாங்க, கடிக்கும்போது பல்லுல தட்டுப்படணுமாம்.

அன்னிக்கு ராத்திரி பத்து மணி வரைக்கும் அவங்க கிச்சன்லதான் இருந்தேன். அவங்களுக்கு இங்கிலீஷ் அரைகுறை, எனக்கு பின்னிஷ் அரைகுறை, ஆனா மாவுக்கு ரெண்டும் தேவைப்படல. கத்துக்கிட்டதை எழுதறேன், ரெசிபி கேட்டவங்க இங்க கவனிங்க. அஞ்சு டெசி பால், அதாவது அரை லிட்டர், கை சூட்டுக்கு, 37 டிகிரி. அதுல 50 கிராம் பச்சை ஈஸ்ட், இங்க வெண்ணெய் பக்கத்துல சின்ன கட்டியா ஒரு பாக்கெட் இருக்கும், அது முழுசும். காஞ்ச ஈஸ்ட்னா பால் இன்னும் கொஞ்சம் சூடா, 42. கொதிக்கிற பாலை ஊத்தினா ஈஸ்ட் செத்துரும், அதுக்கப்புறம் எவ்ளோ நேரம் காத்திருந்தாலும் மாவு எழும்பாது. ஒரு முட்டை, ரெண்டு டெசிக்குக் கொஞ்சம் கொறவா சீனி, ஒரு ஸ்பூன் உப்பு, ஒரு பெரிய ஸ்பூன் ஏலக்காய், மைதா கொஞ்சம் கொஞ்சமா, கிட்டத்தட்ட ஒரு கிலோ வரைக்கும் இழுக்கும். 100 கிராம் வெண்ணெய், அதை மட்டும் கடைசில போடணும். ஏன்னு அவங்களுக்கு சொல்லத் தெரியல, எங்கம்மா அப்படித்தான் போடுவாங்கன்னாங்க, எனக்குள்ள இருந்த கெமிஸ்ட்ரி டீச்சர் முழிச்சுக்கிட்டா: கொழுப்பு முன்னாடியே போனா மாவைப் போர்த்திக்கும், மைதால இருக்குற க்ளூட்டன்ங்கிற புரதம் வலை கட்ட நேரமாகும், வலை நல்லாக் கட்டினாத்தான் ஈஸ்ட் விடுற காத்து உள்ளயே நிக்கும். போர்டு இல்லாம பாடம் எடுத்தேன், ஒரு பழைய கவர் பின்னாடி படம் போட்டு. கேட்டுட்டு ஓஹோன்னு தலையாட்டினாங்க பாருங்க, எவ்வளவு நாளைக்கு அப்புறம் ஒருத்தர் எனக்குத் தலையாட்டினாங்க!

பொரிக்கிறதுக்கு அந்தக் காலத்துல கட்டியா விக்கிற தேங்கா கொழுப்பைத்தான் போடுவாங்களாம், அதைக் கேட்டு எனக்கு ஒரே சிரிப்பு, பனிக்குள்ள ஏலக்காயும் தேங்காயும். இப்ப ரேப்சீட் எண்ணெய். 175லேருந்து 180 டிகிரி, கொறஞ்சா மாவு எண்ணெய் குடிக்கும், கூடினா வெளிய கருகி உள்ள பச்சையா நிக்கும். தெர்மாமீட்டர் இல்லாதவங்க ஒரு துணுக்கு மாவைப் போட்டுப் பாருங்க, ஒடனே மேல வந்து சுத்தி நொர கட்டினா சரி. சட்டிக்குப் பொருந்துற மூடி கைக்கு எட்டுற தூரத்துல இருக்கணும், தீப்புடிச்சா மூடணும், தண்ணி ஊத்தவே கூடாது, இதை அந்தம்மா வெரலை ஆட்டி ஆட்டி சொன்னாங்க.

அப்புறம் பின்னிஷ் கிளாஸ் கூட்டாளிங்க. கீவ்லேருந்து வந்தவங்க, பாக்தாத்லேருந்து வந்தவங்க, எல்லாரும் என்னை விட பெரிய பாரத்தைத் தூக்கிட்டு வந்தவங்க. முன்க்கியை எடுத்துட்டுப் போன அன்னிக்கு கிளாஸே நடக்கல. உக்ரைன் அக்கா மாவுல ஒரு ஸ்பூன் வோட்கா ஊத்து, எண்ணெய் குடிக்காதுன்னாங்க, ஊத்திப் பாத்தேன், நெசந்தான். ஈராக் அண்ணன் அவங்க ஊர்ல உருண்டையா பொரிச்சு சீனிப் பாகுல போடுவோம்னு சொல்லி அடுத்த வாரம் செஞ்சே எடுத்துட்டு வந்துட்டாரு. டீச்சர், உங்களுக்கும் நன்றி, அன்னிக்கு நாங்க வாயில மாவோட பேசின பின்னிஷுக்கு நீங்க இலக்கணப் பிழை பாக்கல.

எங்க வீட்டுக்காரர் காலேஜ் தம்பி தங்கச்சிங்களுக்கு, வாப்பு அன்னிக்கு தம்மர்கோஸ்கி ஆத்தங்கரைல என்னையும் இழுத்துட்டுப் போனதுக்கு. மொத வருஷ டெக்னாலஜி பிள்ளைங்களை கிரேன்ல கூடை கட்டித் தூக்கி, பனி உருகி ஓடுற ஆத்துத் தண்ணில முக்கி எடுக்குறாங்க, படிச்ச பிள்ளைங்களுக்கு இது ஒரு சந்தோசம். முக்கி எடுத்த கையோட நடுங்கிட்டே வந்து என் டப்பாலேருந்து முன்க்கி எடுத்தாங்க. அந்தப் பசிக்கு இன்னும் ரெண்டு டப்பா கொண்டு போயிருக்கணும்.

இப்ப தால்கோத். இது என்னன்னா, வசந்தத்துல பில்டிங்ல இருக்குற எல்லாரும் ஒண்ணா இறங்கி முற்றத்தைச் சுத்தம் பண்றது, குளிர்காலம் பூரா வழுக்காம இருக்கத் தூவின பொடி ஜல்லியைக் கூட்டி அள்ளணும், காஞ்ச இலையை வாரணும், பெஞ்சுக்குப் பெயின்ட் அடிக்கணும். காசு கிடையாது, காபி உண்டு, சுட்ட சாசேஜ் உண்டு. மாடிப்படிக் கதவுல வேலை லிஸ்ட் ஒட்டுவாங்க. இந்தத் தடவை குடியிருப்பு சங்கத்துக்காரர் ஒட்டின லிஸ்ட்ல, ஜல்லி இவரு, பெயின்ட் அவருன்னு வரிசையா எழுதி, முன்க்கின்னு போட்டு எதிர்ல என் பேரு. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கவே இல்ல! ஐயா, கேக்காம எழுதினதுக்கு ரொம்ப ரொம்ப நன்றி. லாக்டோஸ் இல்லாத பால்ல போடுங்கன்னு ரெண்டு வீடு, முட்டை வேணாம்னு ஒரு வீடு வந்து சொல்லிட்டுப் போனாங்க, உரிமையா சொல்லிட்டுப் போனதுக்கும் நன்றி. மூணாவது மாடிப் பையன் ஒருத்தன் சீனி ஒட்டின கையோட ரேக்கைப் புடிச்சுட்டு நாலாவது முன்க்கிக்கு வந்து நின்னான், அவங்கம்மா மொறைச்சாங்க, நான் குடுத்துட்டேன்.

அம்மாவுக்கு, வீடியோ கால்ல "அடி ஆத்தி, மாவு இன்னும் எழும்பலையாடி, குளுருல அதுவும் தூங்குது போல, ஹீட்டர் பக்கத்துல வையி"ன்னு இங்க இருக்குறவ மாதிரியே யோசனை சொன்னதுக்கு. இவருக்கு, புகை அலாரம் கத்தும்போதெல்லாம் நாற்காலி மேல ஏறி துண்டை வீசினதுக்கும், ஆறின எண்ணெயை சிங்க்ல கொட்டாம பால் அட்டைல ஊத்தி குப்பைக்கு எடுத்துட்டுப் போனதுக்கும், ஆபீஸ் கோட்டுல எண்ணெய் வாசம் வருதுன்னு ஒரு நாளும் சொல்லாததுக்கும். வேலை இன்னும் கெடைக்கல, அதையும் சொல்லிடறேன், தேடிட்டுத்தான் இருக்கேன்.

ஒரு அறிவிப்பு. ஜூலைல அம்மா இங்க வர்றாங்க, பெட்டில ஏலக்காய்தான் பாதி இருக்கும். கீழ்வீட்டம்மா, கிளாஸ்காரங்க, ஈரோட்டு அக்கா எல்லாரும் அவங்கவங்களுக்கு எவ்ளோ வேணும்னு ஜூன் பதினஞ்சுக்குள்ள சொல்லிடுங்க, அப்பாகிட்ட சொல்லி எட்டு எம்எம் காயாவே எடுக்கச் சொல்றேன், அதுக்கப்புறம் கேட்டா கடைல விக்கிற பொடிதான்.