தவில் அடியை நசுக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாகஸ்வரக் கலைஞர்கள் சொந்தச் செலவில் பதிவு செய்து இணையத்தில் ஆல்பம் வெளியிடுவது இப்போது சகஜமாகிவிட்டது. அவற்றைப் பற்றிய அறிமுகங்களில் ராகம், உருப்படி, தவில் யார் என்பதெல்லாம் இருக்கும். அந்தப் பதிவு கடைசியாகக் கடந்துவந்த மாஸ்டரிங் பற்றி ஒரு வரிகூட இருக்காது. நல்ல வாசிப்பு, நல்ல மைக், நல்ல மிக்ஸிங் எல்லாம் அமைந்தும் இந்தக் கடைசிக் கட்டத்தில் கெட்டுப்போகும் பதிவுகள் பல. அதனால்தான் இந்தக் கடிதம்.

மிக்ஸிங் நடக்கும்போது ஒவ்வொரு வாத்தியமும் தனித் தடத்தில் இருக்கும். மாஸ்டரிங்குக்கு வரும்போது எல்லாம் இடது, வலது என்று ஒரே கோப்பில் கலந்திருக்கும். அதை எந்தக் கருவியில் கேட்டாலும் ஒழுங்காக ஒலிக்கும்படி சீர் செய்வதுதான் மாஸ்டரிங். ஆனால் வேலை கொடுக்கும்போது பெரும்பாலும் ஒரே கோரிக்கைதான்: "சினிமாப் பாட்டு மாதிரி சத்தமா இருக்கணும்."

தவிலின் வலந்தலையில் (வலப்பக்கத் தோலில்) கூடு (கெட்டியான விரலுறை) மாட்டிய விரல் விழும் கணம் மிகக் கூர்மையானது. சில மில்லி விநாடிகளில் உச்சத்தைத் தொட்டு இறங்கிவிடும். நாகஸ்வரம் நேர்மாறு, மூச்சு உள்ளவரை ஒரே கனத்தில் நிற்கும். இரண்டும் ஒரே கோப்பில் இருக்கும்போது உச்சங்களை ஓர் எல்லைக்கு மேல் போகவிடாத லிமிட்டரை வைத்து 6, 7 டெசிபெல் அழுத்தினால், ஒவ்வோர் அடிக்கும் அது மொத்த ஒலியையும் கீழே இழுத்துப் பிறகு விடும். அடியோடு சேர்ந்து நாகஸ்வரமும் அமுங்கி எழும்பும். தார ஷட்ஜத்தில் அசையாமல் நிற்கும் கார்வை, தவிலின் நடைக்கு ஏற்ப நடுங்குவதுபோல் காதில் விழும். கேட்பவர், வித்வானுக்கு மூச்சுப் பிடி போதவில்லை என்றுதான் நினைப்பார். செய்யாத தவறுக்கு அவர் பெயர் கெடுகிறது.

இதை மாஸ்டரிங்கில் முழுதாகச் சரிசெய்ய முடியாது. மிக்ஸிங்குக்குத் திரும்பிப் போய், தவில் தடத்தை மட்டும் 2, 3 டெசிபெல் அடக்க வேண்டும். அல்லது நாகஸ்வரம், தவில், சுருதியும் தாளமும் என மூன்று தொகுப்புக் கோப்புகளாக, எல்லாம் ஒரே நொடியில் தொடங்கும்படி, அனுப்பச் சொல்லலாம். அதன்பின் மொத்தத்துக்கும், உரத்த பகுதிகளை அடக்கும் கம்ப்ரசர் வேண்டுமானால் 1.5-க்கு 1 என்ற விகிதம் போதும். அட்டாக்கை, அதாவது அது அடக்கத் தொடங்க எடுக்கும் நேரத்தை, 30 மில்லி விநாடி அளவில் வைத்தால் அடியின் முனை தப்பும். குறைப்பு 2 டெசிபெலைத் தாண்டக் கூடாது.

இவ்வளவு நசுக்கியும் சத்தம் கூடுகிறதா என்றால் அதுவும் இல்லை. ஸ்பாட்டிஃபை வழக்கமாகப் பாட்டுகளை மைனஸ் 14 லஃப்ஸ் என்ற உரப்பளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கவிடுகிறது. மைனஸ் 8-க்கு ஏற்றிக் கொடுத்தால் அது 6 டெசிபெல் குறைத்துவிடும். யூடியூபும் உரத்ததைக் குறைக்கும், மெதுவானதைத் தூக்காது. ஆக, நசுக்கிய பதிவும் நசுக்காத பதிவும் கடைசியில் ஒரே உரப்பில்தான் கேட்கும். ஒன்றில் தவில் அடி உயிரோடு இருக்கும், மற்றதில் தட்டையாகிக் கிடக்கும். நாகஸ்வர–தவில் பதிவுக்கு மைனஸ் 14 முதல் 16 வரை என் கணக்கில் போதும். உச்சத்தை, ட்ரூ பீக் (ஒலி அலையாக மாறும்போது வரும் உண்மையான உச்சம்) அளவில், மைனஸ் 1 டெசிபெலோடு நிறுத்த வேண்டும். இணையத்துக்காகக் கோப்பைச் சுருக்கும்போது உச்சங்கள் கொஞ்சம் ஏறும். பூஜ்யம் வரை நிரப்பி வைத்தால் அப்போதுதான் கரகரப்பு வரும்.

அனுப்பும் கோப்பிலேயே பாதிப் பிரச்சினை தொடங்குகிறது. 24 பிட் வேவ் கோப்பு வேண்டும், உச்சம் மைனஸ் 6 முதல் மைனஸ் 3 டெசிபெல் வரை. மாஸ்டர் தடத்தில் உள்ள லிமிட்டரைக் கழற்றிவிட வேண்டும். எம்பி3 கூடாது, 320 கேபிபிஎஸ் ஆனாலும் கூடாது. சுருதி அடங்கும் கடைசிப் பகுதியை வெட்டாமல் இரண்டு மூன்று விநாடி கூடுதலாகவே விட்டு அனுப்பலாம், எங்கே தேய்த்து முடிப்பது என்பதை மாஸ்டரிங் செய்பவர் பார்த்துக்கொள்வார்.

சாம்பிள் ரேட்டில், அதாவது ஒலியை விநாடிக்கு எத்தனை முறை அளந்து பதிகிறோம் என்பதில், கவனம் மிக முக்கியம். வீடியோவோடு எடுத்த பதிவு 48 கிலோ ஹெர்ட்ஸில் இருக்கும், சி.டி. 44.1. முறையாக மாற்றாமல் 48 கோப்பை 44.1 என்று நினைத்து ஓட்டினால் சுருதி ஏறக்குறைய ஒன்றரை ஸ்வரஸ்தானம் இறங்கிவிடும். 2 கட்டையில் வாசித்தது 1-க்கும் ஒன்றரைக்கும் நடுவில், எந்தக் கட்டையிலும் சேராமல் நிற்கும். 9 நிமிட உருப்படி 9 நிமிடம் 48 விநாடியாக நீளும். காலப்பிரமாணம் இழுபடுவதை வாசித்தவர் உடனே கண்டுபிடித்துவிடுவார், மற்றவர்கள் கவனிக்காமலே வெளியிட்டுவிடுவார்கள். சி.டி.க்காக 16 பிட்டாகக் குறைக்கும்போது டிதர் என்னும் மிக மெல்லிய இரைச்சலைச் சேர்ப்பதும் கட்டாயம். அதைக் கடைசியில் ஒரே ஒரு முறை செய்ய வேண்டும். இல்லையென்றால் சுருதி தேய்ந்து அடங்கும் இடம் மணல் தேய்த்ததுபோல் ஆகிவிடும்.

சில நிமிடங்களில் மாஸ்டரிங் செய்து தரும் தானியங்கிச் சேவைகள் நிறைய வந்துவிட்டன. மின்னணு இசைக்கு அவை ஓரளவு உதவலாம். காதுக்கு மிகக் கூர்மையாகக் கேட்கும் 2 முதல் 5 கிலோ ஹெர்ட்ஸ் பகுதியில்தான் நாகஸ்வரத்தின் கம்பீரமும் இருக்கிறது, ஜால்ராவின் குத்தலும் இருக்கிறது. எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்பதற்குக் கச்சேரி கேட்டுப் பழகிய காது வேண்டும். மிக்ஸிங் செய்தவரே மாஸ்டரிங்கும் செய்வதைவிட வேறு அறையில் வேறொருவர் செய்வது நல்லது. ஓர் அறையில் தாழ்ந்த ஒலி குறைவாகக் கேட்டால், அங்கே மிக்ஸிங் செய்பவர் தவிலின் தாழ்ந்த ஒலிப் பக்கமான தொப்பியின் ஓசையைக் கூட்டி வைப்பார். அது காரில் போட்டதும் குமுறும்.

முடிந்த கோப்பு கைக்கு வந்ததும் கலைஞர்கள் பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். உரத்ததே நல்லதாகத் தோன்றுவது காதின் இயல்பு. புதியது 5 டெசிபெல் உரத்திருந்தால், அதை 5 டெசிபெல் குறைத்து வைத்துவிட்டு ஒப்பிட வேண்டும். அப்போதும் புதியது தெளிவாக இருந்தால்தான் வேலை நன்றாக நடந்திருக்கிறது.

ஆல்பம் அறிமுகங்களில் மாஸ்டரிங் செய்தவர் பெயரையும் சேர்த்து வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். பெயர் வெளியே தெரிந்தால், "இன்னும் சத்தமாக்குங்கள்" என்று கேட்பவரிடம் "இதற்கு மேல் வேண்டாம்" என்று சொல்ல அவருக்கும் பிடிமானம் இருக்கும்.

இப்படிக்கு,
ஒலிப்பொறியாளர் ஒருவர்,
கும்பகோணம்