ஆர்.வி. பயணம்: வண்டிக்கு முன்பே இடத்தைப் பிடியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் ஆர்.வி. எனப்படும், படுக்கையும் சமையலறையும் கழிவறையும் உள்ள வண்டி எடுத்துக் குடும்பத்தோடு சுற்றுவது பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில் வாடகை, ஓட்டும் முறை, சமையல் எல்லாம் விவரமாக இருந்தன. ராத்திரி வண்டியை எங்கே நிறுத்துவது என்பதற்கு மட்டும் ‘வழிநெடுக கேம்ப்கிரவுண்டுகள் (வண்டியை நிறுத்தித் தங்கும் இடங்கள்) உண்டு’ என்று ஒரே வரி. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை ஃபுளோரிடாவிலோ அரிசோனாவிலோ இந்த வரியை நம்பிப் போனால் திண்டாட்டம்தான். சென்னையிலிருந்து பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர் பலர் கத்திரி வெயிலுக்குத் தப்பி மார்ச், ஏப்ரலில்தான் விமானம் ஏறுகிறார்கள். பேரப்பிள்ளைகளின் ஸ்பிரிங் பிரேக் பள்ளி விடுமுறையும் அப்போதுதான் வருகிறது.

பனி கொட்டும் வட மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஓய்வுபெற்றவர்கள் தெற்கே வந்து மாதக்கணக்கில் தங்கும் காலம் இது. அவர்களை அங்கே ‘ஸ்னோபேர்ட்’ என்பார்கள். போதாததற்கு ஜனவரிக் கடைசியில் அரிசோனாவின் குவார்ட்ஸைட்டில் ஆர்.வி. கண்காட்சி, அதையொட்டி டூசானில் ரத்தினக்கல் சந்தை, பிப்ரவரி-மார்ச்சில் ஃபீனிக்ஸ் பக்கம் பேஸ்பால் பயிற்சி ஆட்டங்கள், ஃபுளோரிடாவின் டேட்டோனாவில் கார் பந்தயம். ஜனவரியிலும் பிப்ரவரியிலும் மூன்றாவது திங்கள் அரசு விடுமுறை என்பதால் அந்த வார இறுதிகளை மறந்துவிடலாம்.

முன்பதிவு எப்போது திறக்கிறது என்பதுதான் முக்கியம். தேசியப் பூங்காக்களின் கேம்ப்கிரவுண்டுகள் பெரும்பாலும் ரெக்ரியேஷன் டாட் கவ் (recreation.gov) தளத்தில் இருக்கின்றன. அவற்றில் பல, தங்கும் நாளுக்குச் சரியாக ஆறு மாதம் முன்பு, அமெரிக்கக் கிழக்கு நேரம் காலை 10 மணிக்குத் திறக்கும். அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைக்கும் கோடை நேரக் கணக்கில் அது நமக்கு இரவு 7.30, நவம்பர் முதல் ஞாயிறு தொடங்கி மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை 8.30. மார்ச் 15-க்கு இடம் வேண்டுமா, முந்தைய செப்டம்பர் 15 இரவு 7.30-க்குக் கணினி முன்னால் உட்கார வேண்டும். பிள்ளைகளுக்கு அது அலுவலக நேரம். கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்குக் காலை ஏழு மணி அவசரம். சென்னையில் இருப்பவர் நிதானமாகச் செய்யலாம். யோசெமிட்டி தனி ரகம்: ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதி, ஐந்து மாதம் முன்னதாக, ஒரு மாதத்துக்கு உரிய இடங்கள் மொத்தமாகத் திறக்கும்.

மாநிலப் பூங்காக்களுக்கு வேறு தளம், வேறு கணக்கு. கலிஃபோர்னியாவில் ஆறு மாதம் முன்பு, பசிஃபிக் நேரம் காலை 8. கோடை நேரக் கணக்கில் நமக்கு இரவு 8.30. மார்ச்சில் பாலைவனப் பூக்கள் பார்க்க நினைக்கும் அன்ஸா-பொரேகோ இந்தக் கணக்கில் வரும். ஃபுளோரிடாவில் 2024 முதல் அந்த மாநிலவாசிகளுக்கு 11 மாதம் முன்பு, வெளியாருக்கு 10 மாதம் முன்பு. மகனோ மகளோ அந்த மாநிலத்தில் குடியிருந்தால் அவர் பெயரில்தான் பதிய வேண்டும். அந்த ஒரு மாத முந்துதலில்தான் கடற்கரைப் பூங்காக்களின் நல்ல இடங்கள் போய்விடுகின்றன.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை போய்ச் சேர நினைப்பவர், அந்த வெள்ளிக்கான பதிவு திறக்கும்வரை காத்திருப்பார். வியாழன் போய்ச் சேருபவரோ ஒரு நாள் முன்னதாகவே உள்ளே நுழைந்து, வியாழனோடு வெள்ளி, சனியையும் சேர்த்து எடுத்துக்கொள்வார்; வருகை நாள் திறந்துவிட்டால் அதைத் தொடரும் இரவுகளையும் பல இடங்களில் கூடவே பதியலாம். புதன்கிழமைக்காரர் இன்னும் ஒரு நாள் முன்னால். வெள்ளிக்கான பதிவு திறந்த நொடியிலேயே ‘காலியில்லை’ என்று காட்டுவதற்குப் பாதிக் காரணம் இதுதான், மோசடி ஒன்றுமில்லை. ஆகவே புதன் அல்லது வியாழனில் தொடங்குகிற மாதிரி திட்டமிடுங்கள். முடிந்தால் ஞாயிறு முதல் வியாழன் வரை பூங்காவிலும், வார இறுதியில் நகரத்தை ஒட்டிய தனியார் ஆர்.வி. பார்க்கிலும் தங்குங்கள்.

இடத்தைத் தேர்ந்ததும் பணம் கட்ட 15 நிமிடம்தான் கூடையில் இருக்கும். நம் ஆட்கள் சறுக்குவது இங்கேதான். இந்திய கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை வங்கி ஆப்பில் அணைந்தே கிடக்கும். முந்தின நாளே திறந்து வையுங்கள். பதிவு செய்தவர் அடையாள அட்டையோடு நேரில் வர வேண்டும் என்பதால், பயணத்துக்கு வராத பெரியப்பா பெயரில் பதியக் கூடாது. பெயர் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே இருக்கட்டும், இனிஷியலைச் சுருக்க வேண்டாம்.

வண்டியின் நீளம் அடுத்தது. பழைய பூங்காக்களின் இடங்கள் சிறிய வண்டிகளுக்காக வெட்டப்பட்டவை. ஒவ்வொரு சைட்டுக்கும் அதிகபட்ச நீளம் போட்டிருக்கும். பம்பருக்குப் பம்பர் கணக்கு. 30 அடி வண்டியைவிட 25 அடி வண்டிக்குக் கிடைக்கும் இடங்கள் மிக அதிகம். ஆறு பேர் என்றதும் பெரிய வண்டியை முதலில் பதிந்துவிட்டு அப்புறம் இடம் தேடுவது தலைகீழ் வேலை.

வண்டிக்கு மின்சாரம், தண்ணீர், சாக்கடை இணைப்பு தரும் ‘ஹூக்கப்’ உண்டா என்பதையும் பாருங்கள். கலிஃபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ பூங்காவின் கேம்ப்கிரவுண்டுகள் எதிலும் மின் இணைப்பு கிடையாது. பிளாக் ராக், காட்டன்வுட் இரண்டில் மட்டும் தண்ணீர். ஹீட்டர் எரிவது புரொபேன் வாயுவில் என்றாலும் அதன் விசிறி ஓடுவது பேட்டரியில். இரவெல்லாம் ஓடினால் விடியற்காலையில் பேட்டரி இறங்கி ஹீட்டர் நின்றுவிடும். தூக்கத்தில் மூச்சு தடைபடாமல் இருக்க சிபாப் கருவியோடு தூங்கும் பெரியவர்கள் மின் இணைப்புள்ள இடத்தையே எடுக்க வேண்டும். ஜெனரேட்டருக்குப் பூங்காக்களில் நேரக் கட்டுப்பாடு உண்டு, இரவில் கூடாது.

கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு சுமார் 2,100 மீட்டர், கிட்டத்தட்ட நம் ஊட்டி உயரம். ஆனால் ஏப்ரலிலும் இரவில் உறைபனி விழும். அங்கே மேதர் கேம்ப்கிரவுண்டில் ஹூக்கப் இல்லை. முழு ஹூக்கப் உள்ள டிரெய்லர் வில்லேஜைத் தனியார் நிறுவனம் நடத்துவதால் ரெக்ரியேஷன் டாட் கவ்வில் தேடினால் அகப்படாது. உறையும் இரவுகளில் தண்ணீர் ஹோஸைக் கழற்றிவிட்டு, வண்டித் தொட்டியை நிரப்பி உள்பம்பில் ஓட்டுங்கள்.

முப்பது ஆம்பியர் இணைப்பு என்பது 120 வோல்ட்டில் 3,600 வாட். ஏசியும் மைக்ரோவேவும் மின் கெட்டிலும் ஒன்றாகப் போட்டால் டிரிப் ஆகும். இங்கிருந்து கொண்டுபோகும் 230 வோல்ட் மிக்ஸி அங்கே முனகுமே தவிர அரைக்காது. கழிவறைத் தொட்டியின் வால்வைச் சாக்கடை இணைப்பு இருந்தாலும் மூடியே வையுங்கள். திறந்து வைத்தால் தண்ணீர் ஓடிவிட, கெட்டியானது அடியில் தங்கி இறுகும். முக்கால் தொட்டி நிரம்பியதும் அதை முதலில் திறந்து, பிறகு குளியல், பாத்திரத் தண்ணீரை விட்டால் குழாயும் அலம்பப்படும்.

இடம் கிடைக்கவில்லை என்றால் ரத்துகளைக் கவனியுங்கள். ரெக்ரியேஷன் டாட் கவ்வில் ரத்துக் கட்டணம் 10 டாலர்; முந்தின நாளோ அன்றோ ரத்து செய்தால் முதல் இரவு வாடகையும் போகும். அதனால் பலர் இரண்டு, மூன்று நாள் முன்பே கைவிடுவார்கள். தளத்தில் அறிவிப்பு வசதியை இயக்கி வையுங்கள். முன்பதிவில்லா இடங்களுக்கு வார நாளில் காலை ஒன்பது, பத்துக்கே போய், காலி செய்கிறவர்களைப் பிடிக்க வேண்டும். வெள்ளி மதியம் போய்ப் பயனில்லை. பி.எல்.எம். எனப்படும் மத்திய அரசு நிலங்களில் பொதுவாக 14 நாள் இலவசமாகத் தங்கலாம். ஆனால் வாடகை ஒப்பந்தங்கள் பல மண்சாலையில் ஓட்டத் தடை போடும். வால்மார்ட் வளாகத்தில் நிறுத்த அந்தக் கடை மேலாளரிடம் கேட்டாக வேண்டும். நெடுஞ்சாலை ஓய்விடங்களில் ஃபுளோரிடா மூன்று மணி நேரம்தான் அனுமதிக்கிறது, டெக்சாஸ் 24 மணி நேரம்.

கட்டுரையில் சொன்ன, தேசியப் பூங்கா நுழைவுக்கான மூத்த குடிமக்கள் பாஸ் அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டுகாரர்களுக்கும் மட்டுமே. விசிட்டர் விசாவில் போகும் பெற்றோருக்குக் கிடையாது. 2026 ஜனவரி 1 முதல் வெளிநாட்டவருக்கு ஆண்டு பாஸ் 250 டாலர். அது இல்லாமல் கிராண்ட் கேன்யன், ஸயான், யோசெமிட்டி, எவர்கிளேட்ஸ் உள்ளிட்ட 11 பூங்காக்களுக்குள் போனால், 16 வயதும் அதற்கு மேலும் ஆன ஒவ்வொருவருக்கும் வழக்கமான நுழைவுக் கட்டணத்தோடு 100 டாலர் கூடுதல். கேம்ப்கிரவுண்ட் வாடகை இதில் சேராது, தனி.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நங்கநல்லூர், சென்னை – 61.