நாற்பத்தைந்துக்கு மேலே

அன்பு மகளுக்கு,

இடைக்கால எலும்புக்கூடுகளின் வயதைக் கணித்து நீ எழுதிய கட்டுரையை நிதானமாகப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் முடிவுரையில், "இடைக்காலத்தில் நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள் அபூர்வம்" என்று எழுதியிருக்கிறாயே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் என்னைப் பேசவே விடமாட்டாய்.

குழந்தைகள், இளவயதினர் பகுதியில் எனக்குக் குறையே இல்லை. பல் முளைப்பதற்கும், எலும்பின் நுனி தண்டோடு ஒட்டுவதற்கும் ஒரு வரிசை இருக்கிறது. முழங்கை முதலில், மணிக்கட்டு பின்னால், காறை எலும்பின் மார்புப் பக்கத்து நுனி எல்லாவற்றுக்கும் கடைசியாக, இருபதுகளின் பிற்பாதியில். நம் ஊரில் கோர்ட்டுக்காக வயது பார்க்க எக்ஸ்ரே எடுப்பதும் இதை நம்பித்தான். அதிலும்கூட இரண்டு பக்கமும் இரண்டு வயது தள்ளிப் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. எக்ஸ்ரேக்கே அந்த அடக்கம் இருக்கிறது, கண்ணு.

வளர்ச்சி நின்ற பிறகுதான் சங்கடம் ஆரம்பம். அதற்கப்புறம் நாம் பார்ப்பது தேய்மானத்தை. அது ஆளுக்கு ஆள் வேறு. இடுப்பெலும்பின் இரண்டு பாதியும் முன்னால் சந்திக்கிற முகத்தையே எடுத்துக்கொள். இருபது வயதில் அது உழுத வயல் மாதிரி மேடும் பள்ளமுமாக இருக்கும். போகப்போக மேடு சமமாகும், சுற்றிலும் விளிம்பு கட்டும், பிறகு அந்த விளிம்பே உடைந்து பொத்தலாகும். டாட் என்ற உடற்கூறியலாளர் 1920-ல் இதைப் பத்து நிலைகளாகப் பிரித்தார். பத்தாவது நிலை என்ன தெரியுமா? "ஐம்பதும் அதற்கு மேலும்." ஐம்பத்திரண்டில் போனவரும் எண்பத்தெட்டில் போனவரும் ஒன்று! நீ பயன்படுத்தியிருக்கும் சூச்சி–புரூக்ஸ் முறையும் இதே முகத்தைத்தான் நிலைகளாகப் பிரிக்கிறது. அது 1990-ல் வந்தது, லாஸ் ஏஞ்சலஸில் பிரேதப் பரிசோதனைக்கு வந்த உடல்களை வைத்துச் செய்தது. அதில் பெண்களின் ஐந்தாம் நிலைக்குச் சராசரி வயது 48. வீச்சோ 25-இலிருந்து 83 வரை. உன் அட்டவணையில் 48 இருக்கிறது, 25-உம் 83-உம் எங்கே போயின?

நீ இருக்கிற லண்டனிலேயே இதற்கு ஒரு சோதனை நடந்திருக்கிறது. ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் கிறைஸ்ட் சர்ச் நிலவறையில் 1984 முதல் 86 வரை தோண்டி, ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான உடல்களை எடுத்தார்கள். அவர்களில் முந்நூற்றுச் சொச்சம் பேருக்குச் சவப்பெட்டித் தகட்டில் பெயரும் வயதும் இருந்தன. தகட்டைப் பார்க்காமல் எலும்பை மட்டும் வைத்து வயது கணித்தார்கள், பிறகு ஒப்பிட்டார்கள். மாலிசனும் காக்ஸும் 1993-ல் வெளியிட்ட முடிவு நம் தொழிலுக்கே ஒரு குட்டு: ஐந்து வயது வித்தியாசத்துக்குள் சரியாக வந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதைவிட முக்கியம், தவறு போன திசை. நாற்பதுக்குக் கீழே இருந்தவர்களை மூத்தவர்களாக்கியிருந்தார்கள், எழுபதைத் தாண்டியவர்களை இளையவர்களாக்கியிருந்தார்கள். இரண்டு பக்கமும் நடுவயதுக்குள் இழுபட்டுவிட்டன. தகடு இல்லாமல் போயிருந்தால் அந்தக் கிழவர்களும் கிழவிகளும் இருந்த சுவடே தெரிந்திருக்காது.

பிரான்சில் போக்கே-அப்பெல், மாசே என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1982-லேயே இன்னொரு ஓட்டையைக் காட்டினார்கள். வயது தெரிந்த எந்தக் கூட்டத்தை அளவுகோலாக வைக்கிறோமோ, அந்தக் கூட்டத்தின் வயதுச் சாயலே நாம் கணிக்கும் கூட்டத்தின் மேலும் படியும். அளவுகோலில் இளவயது மரணங்கள் அதிகமென்றால் உன் இடைக்கால மனிதர்களும் இளவயதிலேயே சாவார்கள். அளவுகோல் கூட்டத்தின் வயதாவது சுத்தமா என்றால், டாட் சேகரித்த உடல்களில் பலவற்றுக்கு வயது 0-விலும் 5-இலும் போய்க் குவிந்திருக்கிறது. யாரோ உத்தேசமாகச் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். நம் அப்பத்தாவுக்கு ரேஷன் கார்டில் ஒரு வயது, வாக்காளர் அட்டையில் ஒரு வயது. கேட்டால், "தனுஷ்கோடி புயலப்ப உங்க மாமனுக்கு மீசை அரும்பியிருந்துச்சு" என்று கணக்குச் சொல்லும். எனக்கென்னவோ அந்தக் கணக்கில்தான் நம்பிக்கை அதிகம்.

பிறப்பில் எதிர்பார்க்கும் ஆயுள் முப்பது என்பதையும் நீ அந்த வாக்கியத்துக்குச் சாட்சியாக வைத்திருக்கிறாய். அது கைக்குழந்தைகளின் சாவு இழுத்துவிட்ட சராசரி. முப்பதில் எல்லோரும் செத்தார்கள் என்று அதற்கு அர்த்தமில்லை, இது உனக்கே தெரியும்.

அதனால் அந்த வாக்கியத்தை எடுத்துவிடு. ஒவ்வொரு எலும்புக்கூட்டுக்கும் ஒற்றை எண் போடாமல் வீச்சைப் போடு. இடுப்பெலும்பின் முன்முகத்தோடு விலா நுனியையும், இடுப்பெலும்பு பின்னால் முதுகெலும்போடு சேரும் காதுவடிவ மூட்டு முகத்தையும் சேர்த்துப் பார். மண்டையோட்டுத் தையல்களை, அதாவது அதன் எலும்புகள் சேரும் கோடுகளை, மட்டும் வைத்து வயது சொல்லாதே. உங்கள் துறையில் வசதி இருந்தால் சில பற்களின் வேரை அறுத்து சிமென்டம் வளையங்களை, அதாவது வேரைச் சுற்றி ஆண்டுதோறும் படியும் அடுக்குகளை, எண்ணக் கேட்டுப் பார், முதியவர்களுக்கு அது கொஞ்சம் கை கொடுக்கும். அட்டவணையில் "45+" என்று ஒதுக்கியிருக்கும் அந்தக் கடைசிக் கட்டத்தில் எத்தனை பேர் என்று தனியாக எனக்கு எழுது. உன் கட்டுரையில் எனக்குப் பிடித்த இடம் அதுதான். நீ ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டாய்.

திருத்திய அட்டவணையை வெள்ளிக்குள் அனுப்பினால் சனி, ஞாயிறில் பார்த்துவிடுவேன். அப்பாவுக்குச் சுகர் கட்டுக்குள் இருக்கிறது.

அன்புடன்,
அம்மா